காவேரிப்பாக்கம் ஏரியும் ஊரும்: வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவேரிப்பாக்கம் வேலூர் மாவட்டமா, ராணிப்பேட்டை மாவட்டமா?

இப்போது ராணிப்பேட்டை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது இந்தப் பக்கம் ராணிப்பேட்டைக்குப் போனது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்வார்கள். வட ஆற்காடு 1989-லேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது, ஆனால் பேச்சில் பிரியவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், வேலூரிலிருந்து அதில் பாதி.

ஹைவேயில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறோம். அங்கே இறங்கிப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

ஏரி இருக்கிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேலான ஏரி, இன்றைக்கும் வேலை செய்கிற ஏரி. நெல்லுக்குத் தண்ணீர் விடுகிறது, நிரம்பினால் சென்னைக்கும் அனுப்புகிறது. சுற்றியிருக்கிற கோயில், கல்வெட்டு, சண்டை எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் தண்ணீரைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. அதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நாள் போதாது. பூங்கா, செல்ஃபி மேடை, ஐஸ்கிரீம் வண்டி வரிசை வேண்டும் என்கிறவர்களுக்கு அரை மணி நேரமே அதிகம். நீங்கள் எந்த ரகம் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

ஏரியை வெட்டியது யார்? எவ்வளவு பெரியது?

மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்து ஏரி என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. தெள்ளாற்றில் பாண்டியனை முறியடித்த அதே நந்திவர்மன்; ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டவன். இதற்கு ஊரின் பழைய பெயரே துணை நிற்கிறது. கல்வெட்டுகளில் இது 'காவிரிப்பாக்கமாகிய அவனிநாராயண சதுர்வேதிமங்கலம்' என்று வரும். அவனிநாராயணன் என்பது நந்திவர்மனின் பட்டப் பெயர். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், அதற்கு ராஜாவின் பெயர், அருகிலேயே இவ்வளவு பெரிய ஏரி. பல்லவர்கள் ஊர் உண்டாக்கிய முறையே அதுதான்: முதலில் தண்ணீர், பிறகு சபை, பிறகு கோயில்.

அளவு: 3,968 ஏக்கர் பரப்பு, கரை மட்டும் 8 கிலோமீட்டருக்கு மேல், ஆழம் 30 அடி, 10 மதகுகள். முழுக் கொள்ளளவு 1,474 மில்லியன் கனஅடி. சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் பூண்டி நீர்த்தேக்கத்தில் கிட்டத்தட்ட பாதி. தமிழ்நாட்டில் இது எத்தனையாவது பெரிய ஏரி என்று டீக்கடையில் கேட்டுவிடாதீர்கள், இரண்டாவது டீ வரும்வரை வாக்குவாதம் முடியாது. கரையின் ஒரு முனையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது என்பது மட்டும் உறுதி.

பாலாறே காய்ந்து கிடக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நல்ல கேள்வி. 'நீரில்லா ஆறு' என்று வேலூரைப் பற்றிய பழைய கேலியிலேயே பாலாறு இடம்பிடித்துவிட்டது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைக் கடந்து, இங்கே வருவதற்குள் பெரும்பாலான வருடங்களில் வெறும் மணலாகத்தான் இருக்கும்.

ஆனால் காவேரிப்பாக்கத்தைக் காப்பாற்றுவது பாலாறு மட்டுமல்ல. சித்தூர்ப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வரும் பொன்னை ஆறு, வாலாஜாவுக்கு மேலேயே பாலாற்றில் சேர்ந்துவிடும். ஆந்திர எல்லையில் நல்ல மழை பிடித்தால் பாலாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வருடத்திலும் பொன்னையில் செம்மண் தண்ணீர் வந்துவிடும். இரண்டும் சேர்ந்த இடத்துக்குக் கீழே, வாலாஜா பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் 1850-களில் கட்டிய பாலாறு அணைக்கட்டு இருக்கிறது. உயரமான அணை அல்ல, ஆற்றின் குறுக்கே நீளமாகப் போட்ட தடுப்புதான். அங்கிருந்து நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. வடக்குப் பக்கம் காவேரிப்பாக்கம் கால்வாயும் மகேந்திரவாடி கால்வாயும். தெற்குப் பக்கம் சக்கரமல்லூர் கால்வாயும் தூசி கால்வாயும். போகிற வழியில் உள்ள ஏரிகளையும் நிரப்பிக்கொண்டுதான் போகும்.

கவனித்துப் பாருங்கள், பல்லவன் ஏரி வெட்டினான், ஆயிரம் வருடம் கழித்து கம்பெனிக்காரன் அந்த ஏரிக்குத் தண்ணீர் சேர்க்க அணை கட்டினான். புதிதாக ஏரி வெட்ட அவன் மெனக்கெடவில்லை. இருந்ததே போதும் என்று அவன் கணக்குக்கே தெரிந்திருக்கிறது. ஏரிகளைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு கட்டியதெல்லாம் நம் காலத்துக் கூத்து.

நேரம் இருந்தால் ஏரிக்கு முன்னால் அணைக்கட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று தெரிந்துகொண்டு ஏரிக்கரையில் நிற்பது வேறு அனுபவம்.

"ஏரி கோடி போகுது" என்கிறார்களே, அது எப்போது? எங்கே நின்று பார்ப்பது?

ஏரி முழுக்க நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வெளியே விழுவதைத்தான் எங்கள் பக்கம் கோடி போகிறது என்போம். காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கோடி, கடைவாசல் பக்கம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் நவம்பரிலிருந்து பொங்கல் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் நடக்கும். எல்லா வருடமும் நடக்காது. அதனால்தான் நடக்கிற வருடத்தில் ஊரே திரண்டு வரும். பூத் தூவி, கற்பூரம் காட்டி, சில ஊர்களில் அம்மனுக்குக் கெடா வெட்டி, தண்ணீரை வழியனுப்புவார்கள். பெண்கள் மஞ்சள் குங்குமம் தண்ணீரில் விடுவார்கள். அரசு அதிகாரி வந்து பூப்போட்டுவிட்டு போட்டோவுக்கு நிற்பதும் உண்டு.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. கொசஸ்தலை ஆறாகக் கிளம்பிப் போகிறது. கேசாவரம் அணைக்கட்டில் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரியும். மிச்சம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சென்னைக்குக் குடிநீராகும். அதற்கும் மிஞ்சினால் எண்ணூர் முகத்துவாரத்தில் கடல். ஆகவே மணலி, எண்ணூர்க்காரர்கள் நவம்பர் மாதத்தில் செய்தி கேட்டுப் பயப்படுகிற அந்த ஆற்றின் தலைமாட்டில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். சென்னையில் கூவத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து தெளிந்த தண்ணீர் சரிந்து விழுவதைப் பார்க்கலாம்.

2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. 1903 வெள்ளத்துக்குப் பிறகு இப்படிப் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வெள்ளத்தின்போது வேடிக்கை பார்க்க வரவே வராதீர்கள். போலீஸ் தடுப்பு போட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் அமைதியாக விழுகிற நாட்களில், ஷட்டருக்குத் தள்ளி, பாசி இல்லாத இடத்தில் நின்று பாருங்கள். கலங்கல், அதாவது மிஞ்சின தண்ணீர் வழிந்து விழும் இடத்தின் கல்லில் பாசி வழுக்கும். செருப்பைக் கழற்றினால் இன்னும் வழுக்கும்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. ஏரியில் தண்ணீர் இருக்கும், வெயில் ஏறாது, ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில், சம்பா அறுப்பும் நவரை நடவும் ஒரே சமயத்தில் பார்க்கக் கிடைக்கும். ஒரு வயலில் கதிர் அறுக்கும் இயந்திரம், பக்கத்து வயலில் நாற்றுக் கட்டு. ஏப்ரல், மே மாதம் வேண்டாம். வேலூர் வெயிலின் பெருமை உங்களுக்கே தெரியும், இங்கேயும் அதே வெயில்தான். ஆனால் ஒரு விஷயம். ஏரி வற்றிக் கிடக்கும்போது வந்தால் மதகின் உள்பக்கக் கட்டுமானத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம், அடியில் படிந்த வண்டலை வயலுக்கு அள்ளிப் போவதையும் பார்க்கலாம். நீர்ப்பாசனத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மே மாதமும் வீண் போகாது. காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

காணும் பொங்கலன்று கூட்டம் நெரியும். கூட்டம் பிடிக்கும் என்றால் அன்றைக்கே வாருங்கள்.

போட்டிங் உண்டா?

போட்டிங்குக்காக இங்கே வராதீர்கள். அதற்கு ஏலகிரி புங்கனூர் ஏரி இருக்கிறது.

பறவைகள் என்ன பார்க்கலாம்?

இது சரணாலயம் கிடையாது. பார்வை கோபுரம், வாடகைக்குத் தொலைநோக்கி எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தண்ணீரும் சேறும் நெல்வயலும் ஒரே இடத்தில் இருப்பதால் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், தாழைக்கோழி, நாமக்கோழி இவையெல்லாம் இந்தப் பக்கத்து ஏரிகளில் சாதாரணம். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து போன்ற வலசைப் பறவைகளும் சேரும்.

தண்ணீர் விளிம்பில் நத்தைகுத்தி மேய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அதன் அலகு முழுக்க மூடாது, நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். ஓட்டை உடைக்காமல், அலகின் நுனியால் உள்ளே குத்திச் சதையை மட்டும் உருவி எடுத்துவிட்டு ஓட்டைப் போட்டுவிடும். கரை ஓரம் காலியான நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தால் அங்கே காலையில் பந்தி நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏரியின் நடுவில் தண்ணீர் ஆழமாக இருக்கும்போது பறவைகள் தூரத்தில்தான் தெரியும். தண்ணீர் குறையத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச் மாதத்தில் ஓரத்துக்கு வரும். விடிந்ததும் ஒரு மணி நேரம், பொழுது சாய ஒரு மணி நேரம். நடுப்பகலில் வெயில்தான் கிடைக்கும்.

ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டாராமே? எந்த இடம்?

1752 பிப்ரவரி. இதற்கு முந்தைய இலையுதிர் மாதங்களில்தான் ஆற்காடு முற்றுகை நடந்து முடிந்திருந்தது. கர்நாடக நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. முகமது அலிக்கு ஆங்கிலேயர் பக்கபலம், சந்தா சாகிபுக்கு பிரெஞ்சுக்காரர் பக்கபலம். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபு, பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து, ஆற்காடு நோக்கி வந்த கிளைவுக்குக் காவேரிப்பாக்கத்தில் வலை விரித்துக் காத்திருந்தார். பொழுது சாயும் நேரம். சாலையோர மாந்தோப்பில் ஒளித்து வைத்திருந்த பீரங்கிகள் திடீரென்று முழங்கின.

கிளைவின் காலாட்படை உயிர் பிழைத்தது எதனால் தெரியுமா? சாலையின் மறுபக்கம் ஓடிய ஒரு வாய்க்காலால். தண்ணீர் இல்லாத வாய்க்கால். அதற்குள் இறங்கிப் பதுங்கிக்கொண்டார்கள். நிலா வெளிச்சத்தில் சில மணி நேரம் இப்படியே சண்டை இழுத்தது. தோப்பின் பின்பக்கம் காவல் இல்லை என்று தெரிந்ததும், கிளைவ் ஒரு பிரிவை இருட்டோடு இருட்டாகச் சுற்றி அனுப்பினார். வேவு பார்க்க முன்னால் போன சிம்மண்ட்ஸ் என்ற இளம் அதிகாரி எதிரிச் சிப்பாய்களிடமே அகப்பட்டார். பிரெஞ்சில் பேசினார். தங்கள் ஆள் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பின்பக்கமிருந்து வந்த ஒரே வேட்டு வரிசையில் தோப்பு கைமாறியது. பிறகு காவேரிப்பாக்கம் கோட்டையும் பணிந்தது.

எந்த இடம் என்று காட்டச் சொன்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 270 வருடத்துக்கு முந்தைய மாந்தோப்பு. ஆனால் ஊருக்குள் நுழைகிற இடத்தில் சாலையும் வாய்க்காலும் தோப்பும் அருகருகே போவதைப் பார்த்தால் அன்றைக்கு எப்படி நடந்திருக்கும் என்பது புரியும். ஒரு பாசனக் கால்வாய் வறண்டு கிடந்ததால் ஒரு படை தப்பியது, அந்தப் படை தப்பியதால் சரித்திரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். கிளைவைப் புகழ இங்கே ஒன்றுமில்லை. வாய்க்காலுக்கு நாள் நட்சத்திரம் சரியில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குள் பார்க்க வேண்டிய கோயில் எது?

பஞ்சலிங்கேஸ்வரர் கோயில் ஊரிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருப்பாற்கடலுக்குக் கட்டாயம் போங்கள். அங்கே பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் சிவலிங்கத்துக்குரிய ஆவுடையார் மேல் நிற்கிறார். ஏகாதசியன்று பெருமாளைச் சேவிக்க வந்த புண்டரீக மகரிஷிக்குச் சிவன் கோயில் மட்டுமே கண்ணில் பட, மனம் உடைந்தவருக்குப் பெருமாள் அதே ஆவுடையார் மேல் காட்சி தந்தார் என்பது தல வரலாறு. சைவம் வைணவம் என்று ஊர் ஊராக வம்பு நடந்த நாட்டில் இப்படி ஒரு மூலவர். அருகிலேயே அத்தி மரத்தாலான ரங்கநாதர் கோயிலும் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் திருப்பாற்கடலை இந்த உடம்போடு போய்ச் சேவிக்க முடியாது என்பதால், வைணவர்கள் சிலர் இந்த ஊருக்கு வந்து மனநிறைவு கொள்வதுண்டு.

நடை பகல் பன்னிரண்டு மணிவாக்கில் சாத்திவிட்டு மாலைதான் திறப்பார்கள். கோயிலை முதலில் வைத்துக்கொண்டு ஏரியை மாலைக்கு வையுங்கள்.

காவேரிப்பாக்கம் சிற்பங்கள் மியூசியத்தில் இருக்கிறது என்று படித்தேன். ஊரில் ஏன் இல்லை?

இங்கே கிடைத்த அருமையான சிற்பங்கள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் சாயலுக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. 949-ல் தக்கோலத்தில் பெரும் போர் நடந்தது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் ஒரு பக்கம், சோழ இளவரசன் ராஜாதித்தன் இன்னொரு பக்கம். யானை மேல் இருந்தபடியே ராஜாதித்தன் கொல்லப்பட்டான். அதன் பிறகு சுமார் இருபது வருடம் இந்தத் தொண்டை மண்டலம் ராஷ்டிரகூடர் கையில் இருந்தது. அதனால்தான் காவேரிப்பாக்கம் சிற்பங்களில் பல்லவ, சோழ முகச்சாயலோடு வடக்கத்தி வாடையும் அடிக்கிறது என்று கலை ஆய்வாளர்கள் சொல்வார்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் முந்தின வாரமே எழும்பூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. தக்கோலம் இங்கிருந்து அரக்கோணம் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஜலநாதேஸ்வரர் கோயில், திருஞானசம்பந்தர் பாடிய திருவூறல். சாமி பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது பாருங்கள்.

மகேந்திரவாடி எவ்வளவு தூரம்? போகலாமா?

போகாமல் திரும்பாதீர்கள். காரிலோ பைக்கிலோ அரை மணி நேரம். மகேந்திரவர்ம பல்லவன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். வயல்வெளியில் தனியாகக் கிடக்கிற ஒரே பாறை. அதைக் குடைந்து ஒரு சின்னக் கோயில். முன்னால் இரண்டு தூண், இரண்டு அரைத்தூண். தூணின் அடியும் தலையும் சதுரம், நடு மட்டும் எட்டுப் பட்டை. சதுரத்தில் தாமரைப் பதக்கம். கருவறை வாசலில் இரண்டு துவாரபாலகர்கள். அவ்வளவுதான். மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். பத்து நிமிடம் உட்காருங்கள். இவ்வளவு பெரிய பாறையில் எவ்வளவு கொஞ்சமாகச் செதுக்கினால் போதும் என்று தெரிந்த கை அது.

அங்கிருக்கும் சமஸ்கிருதக் கல்வெட்டு முக்கியம். பாறையைப் பிளந்து 'மகேந்திர விஷ்ணு கிருஹம்' என்ற இந்தக் கோயிலை மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில் குணபரன் செய்வித்தான் என்கிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப் பெயர். ஊர், கோயில், ஏரி மூன்றுக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்டான், தன்னடக்கம் அவனுக்கு ஒத்துவராத விஷயம். அந்த ஏரி இன்றும் இருக்கிறது. மேலே சொன்ன மகேந்திரவாடி கால்வாய் பாலாற்று அணையிலிருந்து அதற்குத்தான் வருகிறது. காவேரிப்பாக்கம் ஏரிக்கு இரண்டு நூற்றாண்டு மூத்த ஏரி.

கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சத்தம், பாட்டு, பாறை மேல் ஏறுவது எதுவும் வேண்டாம். ரயிலிலும் வரலாம், அரக்கோணம்–காட்பாடி பாதையில் மகேந்திரவாடி ஸ்டேஷன் உண்டு. பாசஞ்சர் வண்டிதான் நிற்கும்.

அதே நாளில் சோளிங்கரும் முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. பெரிய மலைக்கு 1,305 படி, யோக நரசிம்மர். சின்ன மலைக்கு 406 படி, யோக ஆஞ்சநேயர். 2024-ல் ரோப் கார் வந்துவிட்டதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு விடிவு. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கமே தலை காட்டாதீர்கள். வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். நரசிம்மர் அந்த மாதம் கண் திறந்து பார்க்கிறார் என்பது நம்பிக்கை, அதனால் கூட்டமும் அப்படி.

என் யோசனை: சோளிங்கரைத் தனி நாளாக வையுங்கள்.

தெருக்கூத்து பார்க்க ஆசை. எங்கே, எப்போது?

வட ஆற்காட்டுக்கு வந்து கூத்து பார்க்காமல் போவது நஷ்டம்தான். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு நாளில், நட்டு வைத்த உயரமான பனைமரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீச, கீழே பிள்ளை வரம் கேட்டு நிற்கிற பெண்கள் மடியேந்துவார்கள். கடைசி நாள் காலை, களிமண்ணால் தரையில் படுத்த நிலையில் பெரிய துரியோதனன் செய்து படுகளம், சாயங்காலம் தீமிதி.

நோட்டீஸ் ஒட்டுவார்கள், இணையத்தில் தேடினால் கிடைக்காது. ஊர்ச் சுவர்களைப் பாருங்கள், இல்லையென்றால் பூக்கடையில் கேளுங்கள். கூத்து ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், விடிய விடிய நடக்கும். டிக்கெட் கிடையாது. ஒரு பாய், ஒரு சால்வை, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உங்களைப் பார்த்துக் கிண்டல் அடித்தால் சிரித்துக்கொள்ளும் மனசு, இவை போதும். சட்டையைப் பார்த்தே வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார். முடிவில் கலைஞர்களுக்கு முடிந்ததைக் கொடுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம்.

சாப்பாடு?

ஊரில் டிபன் கடைகள் உண்டு. காலையில் இட்லி, பூரி, பொங்கல் சூடாகக் கிடைக்கும். மத்தியானம் ஏரி மீன் கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். கெண்டை, விரால், கெளுத்தி எது வந்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். விரால் என்று சொல்லி ஜிலேபி மீன் வைத்தால் முள்ளே காட்டிக்கொடுத்துவிடும். கரையோரப் பனைகள் இருப்பதால் கோடையில் நுங்கு. அறுவடைக் காலத்தில் பச்சை மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்கி உப்புப் போட்டு அவித்துத் தின்றால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

பிரியாணிக்கு ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் போங்கள். கத்தரிக்காய் இல்லாமல் தட்டு வந்தால் திருப்பி அனுப்பலாம். ஆற்காட்டில் மக்கன் பேடா மறக்க வேண்டாம். குலாப் ஜாமூன் மாதிரிதான் தெரியும். உள்ளே முந்திரி, பாதாம், பிஸ்தா பொதிந்திருக்கும்.

ராத்திரி தங்க வசதி?

வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காட்டில் தங்கலாம். வசதியாக வேண்டுமென்றால் காஞ்சிபுரம் அல்லது வேலூர். ஏரிக்கரையில் கூடாரம் போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். பாம்பும் கொசுவும் உங்களுக்கு முன்னாலேயே இடம் பிடித்துவிட்டன.

பஸ்ஸிலா, ரயிலிலா, காரிலா?

சென்னையிலிருந்து வேலூர், ஆற்காடு, திருப்பத்தூர் பஸ்கள் இந்தச் சாலையில்தான் போகின்றன. ஆனால் எல்லா வண்டியும் காவேரிப்பாக்கத்தில் நிற்காது. ஏறுவதற்கு முன்னால் கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வாலாஜா டோல்கேட்டில் இறங்கி டவுன் பஸ்ஸில் திரும்ப வேண்டியிருக்கும். ரயிலில் வருகிறவர்கள் வாலாஜா ரோடு அல்லது அரக்கோணத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். வாலாஜா ரோடு என்றால் சாதாரணம் என்று நினைக்காதீர்கள்: 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து இங்கேதான் வந்து நின்றது.

மகேந்திரவாடி, திருப்பாற்கடல் எல்லாம் சேர்த்துப் பார்ப்பதற்குச் சொந்த வண்டி அல்லது நாள் வாடகைக்கு ஆட்டோதான் சௌகரியம். வாடகையை ஏறும் முன் பேசிவிடுங்கள்.

ஏரிக்கரையில் எதைச் செய்யக்கூடாது?

மதகுப் பக்கம் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர், மதகுக்குள் இழுக்கிற வேகம் கரையில் நிற்கிறவருக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மதகுத் திருகு, ஷட்டர் சக்கரம் இவற்றில் விளையாட்டுக்குக்கூடக் கை வைக்க வேண்டாம். எந்த மதகில் எந்த நாள் எவ்வளவு திறப்பது என்பது கீழே இருக்கிற விவசாயிகளுக்குச் சாப்பாட்டு விஷயம். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் கட்டுகிறவரைக் கம்புக்கட்டி என்பார்கள். அவர் சொல்தான் அங்கே சட்டம். பல்லவர், சோழர் காலத்தில் இதற்கென்றே ஏரி வாரியம் என்று குழு இருந்தது, குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. அப்படிக் காத்து வந்த கரையில் பீர் பாட்டிலை உடைத்துப் போடுகிறவர்களை என்ன சொல்வது? மறுநாள் அதில் வெறுங்காலோடு இறங்குகிறவர் மாடு மேய்க்கிற அம்மாவாகத்தான் இருப்பார்.

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் ஏரிக்குப் பதில் காவல் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வயதான அப்பா அம்மாவோடு வரலாமா?

தாராளமாக. கரை ஏறுகிற இடம் மட்டும் சரிவு, கை பிடித்து ஏற்றுங்கள். மேலே போய்விட்டால் சமம்தான். உட்காரப் பெஞ்சு, நிழற்குடை இருக்கும் என்று நம்பி வராமல் மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீர், தொப்பி, மாத்திரை கையோடு இருக்கட்டும். கழிப்பறையை ஊரிலோ பெட்ரோல் பங்கிலோ முடித்துவிட்டுக் கரைக்குப் போவது நல்லது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரித்துக்கொள்வது?

விடியும்போது ஏரிக்கரை. ஒன்பது மணிக்கு ஊரில் டிபன். பத்து மணிக்குத் திருப்பாற்கடல், நடை சாத்துவதற்குள் இரண்டு கோயிலும். அங்கிருந்து மகேந்திரவாடி, பாறைக் கோயிலுக்குள் வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கும், அவசரப்படாமல் இருங்கள். சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிவிட்டு மறுபடி காவேரிப்பாக்கம். ஐந்து மணிக்குக் கடைவாசல். ஆறரைக்கு மேல் கரையில் விளக்கு கிடையாது, கிளம்பிவிடுங்கள். சென்னை போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மணி நேரம் நிற்பதற்குத் தயாராக, இரண்டு பொட்டலம் மல்லாட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.